மஞ்சள் இறங்கும், குங்குமம் ஏறும்

என்னைப் பற்றி நானே எழுதக் கூடாது, வேறு யாராவது எழுதினால்தான் அழகு என்று என் மகள் சொல்கிறாள். அறுபத்தெட்டு வயது வரைக்கும் காத்திருந்து பார்த்தேன். யாரும் எழுதவில்லை. இனிமேலும் காத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை.

நான் நாலாவது வரைக்கும் படித்தவன். மர்பி டவுனில் சாமான் தூக்கும் வேலையில் ஆரம்பித்து, ஒரு பேண்ட் செட்டில் பெரிய ட்ரம்மை முதுகில் கட்டிக்கொண்டு நடக்கிறவனாகச் சேர்ந்தேன். முதுகில் இருக்கிற ட்ரம்மைப் பின்னால் வருகிறவர் அடிப்பார். இரண்டு வருஷம் கழித்து நான் அடிக்கிறவனானேன். பிறகு ட்ரம்பெட். பிறகு அந்த பேண்ட் செட்டே என்னுடையது. இருபது பேருக்கு யூனிஃபார்ம் தைத்து வைத்திருக்கிறேன், தோளில் சரிகை, தொப்பியில் இறகு. கண்டோன்மென்ட் பக்கம் என் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். தொப்பி தெரியாதவர்கள் இல்லை.

இத்தனைக்கும் நாங்கள் காதால் கேட்டு ஊதுகிற கூட்டம் இல்லை. நோட்டுப் பார்த்து ஊதுகிறவர்கள். ஐந்து கோடு போட்டு அதில் சுரத்தை எழுதுகிற மேல்நாட்டு முறையில் ஒரு வம்பு உண்டு. ஒரு சுரத்தை அரைப் படி ஏற்ற வேண்டும் என்றால் ஷார்ப் என்று ஒரு குறி. அரைப் படி இறக்க ஃப்ளாட். ஏற்றாமலும் இறக்காமலும் நேராக ஊத நேச்சுரல். இந்தக் குறிகளைச் சுரத்துக்குச் சுரம் போட மாட்டார்கள். வரியின் தொடக்கத்தில் மொத்தமாகப் போட்டுவிட்டு, இனி நீயே ஞாபகம் வைத்துக்கொள் என்று விட்டுவிடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறவர்களுக்கு அது சரி. என் ஆட்கள் நடந்துகொண்டே ஊதுகிறவர்கள். தாள் வாத்தியத்தின் மேல் ஒரு கிளிப்பில் ஆடிக்கொண்டிருக்கும். முன்னால் குதிரை, பின்னால் ஜெனரேட்டர் வண்டி, காலுக்குக் கீழே நம்ம ஊர் ரோடு. பள்ளத்தைப் பார்த்துவிட்டுக் கண் தாளுக்குத் திரும்பும்போது வரியின் நடுவில்தான் வந்து விழும். தொடக்கத்தில் என்ன போட்டிருந்தது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

நான் மாஸ்டர் ஆன முதல் கல்யாணத்திலேயே இது வெடித்தது. இறக்க வேண்டிய இடத்தில் ஒருவர் ஏற்ற, ஏற்ற வேண்டிய இடத்தில் இன்னொருவர் சும்மா இருக்க, பெண்ணின் தாய்மாமா வந்து, "வாசிக்கிறீங்களா, உங்களுக்குள்ள ஏதாவது தகராறா?" என்று கேட்டார். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கப் பத்து நிமிஷம் இருந்தது. வாசலில் வரவேற்புத் தட்டு இருந்தது. அதிலிருந்த குங்குமத்தைத் தொட்டு, ஏற்ற வேண்டிய ஒவ்வொரு சுரத்தின் மேலும் வைத்தேன். மஞ்சளைத் தொட்டு, இறக்க வேண்டியதன் மேலெல்லாம் வைத்தேன். குங்குமம் ஏறும், மஞ்சள் இறங்கும், அவ்வளவுதான் என்றேன். அன்றைக்கு மாப்பிள்ளை இறங்கினபோது எங்கள் வாத்தியங்கள் எல்லாம் ஒரே ஊரில் இருந்தன. அதிலிருந்து முப்பது வருஷமாக ஸ்கெட்ச் பேனாவில் அதே முறைதான். பெரிய பெரிய சங்கீதப் பள்ளிக்கூடங்களில் இது கிடையாது. அவர்களுக்குத் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது.

இப்போது டீச்சரம்மாவைச் சொல்ல வேண்டும்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் பியானோ சொல்லிக் கொடுக்கிற டீச்சரம்மா. எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது அவருடைய பியானோவால். அதை லாரியிலிருந்து வீட்டுக்குள் தூக்கி வைத்த நாலு பேரில் நான் ஒருவன். தூக்கி வைத்த கையோடு, "எனக்கும் நோட்டு சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எவ்வளவு படிச்சிருக்கீங்க?"

"நாலாவது."

"முதல்ல அஞ்சாவது படிச்சிட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்."

வெளியே வந்தபோது அவருடைய வீட்டுக்காரர் கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தார். ரயில்வேயில் கிளார்க். சிரித்த முகம். நியூஸ் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தார். "அவ சொல்றதும் சரி, நீ கேக்கறதும் சரி. இத வெச்சுக்கோ. நான் குடுத்தேன்னு சொல்லாத" என்றார். பிரித்தால் நோட்டுப் படிக்கப் பழகுகிற முதல் புத்தகம். படம் போட்டது. இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் படம் தெரியுமே. நான் கற்றதெல்லாம் அதிலிருந்துதான். இன்றைக்கும் யூனிஃபார்ம் பெட்டியில் அடியில் இருக்கிறது.

அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன், அந்த மனிதருக்கு எந்தப் பாட்டையும் துக்கமாகப் பாடத் தெரியாது. சாவு வீட்டுப் பாட்டைக்கூடச் சீட்டியில் குஷியாகத்தான் அடிப்பார். டீச்சரம்மா உள்ளேயிருந்து, "அது மைனர், மைனர்" என்று கத்துவார். மைனர் என்றால் சோக ஜாடை, மேஜர் என்றால் குஷி ஜாடை. இரண்டுக்கும் நடுவில் சில ஃப்ளாட்டுகள்தான் வித்தியாசம். அவருக்கு அந்த வித்தியாசமே கிடையாது.

போன வருஷம் அவர் போய்விட்டார். இந்த வருஷம் அந்த நாள் நெருங்குகிற சமயம், டீச்சரம்மா ஆட்டோவில் மர்பி டவுனுக்கு வந்து என் பேண்ட் அறை வாசலில் நின்றார். கையில் ஒரு ஃபைல்.

"வர்ற ஞாயித்துக்கிழம அவருக்கு ஒரு வருஷம். கல்லறைக்குப் போறோம். நான் ஒண்ணு எழுதியிருக்கேன். உங்க பேண்ட் வாசிக்கணும்."

"எங்க பேண்டா, டீச்சரம்மா?"

"எனக்குன்னா கூப்பிட மாட்டேன். அவருக்குத்தான் பிடிக்கும். தெருவுல உங்க சத்தம் கேட்டா சாப்பாட்டுல கை வெச்சவர் எழுந்து வாசலுக்குப் போயிடுவார்."

ஃபைலைக் கொடுத்தார். அவர் கைப்பட எழுதிய நோட்டு. நாற்பது வருஷம் அடுத்தவர் எழுதினதைச் சொல்லிக் கொடுத்தவர், தானாக எழுதினது இது ஒன்றுதானாம். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் தொப்பி மாட்டியிருந்த ஆணியைப் பார்த்தார்.

"வரிக்கு நாலு ஃப்ளாட் இருக்கு. எழுதினது எழுதின மாதிரி வரணும். ஒரு ஃப்ளாட் குறைஞ்சாலும் எனக்குத் தெரியும்."

"ஒண்ணு கூட குறையாது" என்றேன்.

வழக்கம்போல் கையால் நகல் எடுத்து ஸ்கெட்ச் பேனாவால் தொட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் டீச்சரம்மா கையில் அச்சடித்த தாளைக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. நாலாவது படித்தவன் கம்ப்யூட்டரில் நோட்டு போடுகிறான் என்று அவர் பார்க்க வேண்டும். என் மகள் பேங்கில் வேலை செய்கிறாள். அவளுடைய பழைய லேப்டாப்பில் நோட்டு எழுதுகிற சாஃப்ட்வேர் ஒன்றை ஏற்றித் தந்திருந்தாள். நான் அதை ஆறு மாதமாகத் தனியாகவே கற்றுக்கொண்டேன். என் முறை எளிது. எல்லாவற்றையும் ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பது.

சுரங்களை ஏற்றுவது எனக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி. வம்பு குறிகளில்தான் வந்தது. வரித் தொடக்கத்தில் இருந்த நாலு ஃப்ளாட்டையும் முதல் வேலையாக நீக்கினேன், என் ஆட்கள் அங்கே பார்ப்பதில்லை என்பதால். பிறகு ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியாக ஃப்ளாட் போட்டேன். தாளக் கணக்குக்காக வரியைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்திருப்பார்கள். ஒரு கட்டத்துக்குள் ஒரு சுரத்துக்கு முதலில் போட்டதைக் காட்டுகிறது, அதே சுரத்துக்கு அதே கட்டத்தில் இரண்டாவது தடவை போட்டால் மறைத்துவிடுகிறது. முதலில் ஒன்று போட்டாயே, கட்டம் முடிகிறவரை அதுவே போதும் என்று அதன் சட்டம். நான் போடுகிறேன், அது எடுக்கிறது. நான் போடுகிறேன், அது எடுக்கிறது.

"யார்கிட்ட சண்ட போடற நைனா?" என்று மகள் சமையலறையிலிருந்து கேட்டாள்.

"இதுக்கு ரோட்டுல நடந்த அனுபவம் இல்ல. அதான் பிரச்சினை."

குறிகளை எப்படிக் காட்டுவது என்பதற்கே தனியாக ஒரு பக்கம் இருந்தது. அதில் ஒன்றை அமுக்கினேன். எல்லாச் சுரத்துக்கும் குறி வந்தது, தேவையில்லாத சுரங்களுக்கும் சேர்த்து நேச்சுரல் நேச்சுரலாக. தாளைப் பார்த்தால் முள்கம்பி வேலி போட்ட காலி மனை மாதிரி இருந்தது. இன்னொன்றை அமுக்கினேன். குறியின் அளவு பெரிசானது. எங்கள் ஆட்களுக்குக் கண் மங்கல், பெரிசாகவே இருக்கட்டும் என்று இன்னும் கூட்டினேன். ஃப்ளாட் ஒவ்வொன்றும் குடம் மாதிரி ஆகி, சுரங்கள் எல்லாம் ஒதுங்கி, ஒரு பக்கப் பாட்டு ஏழு பக்கம் போனது. நடந்துகொண்டே ஏழு பக்கம் புரட்ட யாருக்கும் மூன்றாவது கை கிடையாது. குறைத்தேன். மூன்றாம் நாள், மாற வேண்டிய சுரத்துக்கு மட்டும், ஆனால் ஒவ்வொரு தடவையும் குறி காட்டுகிற இடத்தைக் கண்டுபிடித்தேன். படித்தவர்கள் புத்தகம் பார்த்துச் செய்கிறதை நான் புத்தகம் இல்லாமல் செய்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் குறிக்கு நிறம் கொடுக்கிற இடமும் கண்ணில் பட்டது.

ஷார்ப்புக்கெல்லாம் சிவப்பு. ஃப்ளாட்டுக்கெல்லாம் மஞ்சள். ஸ்கெட்ச் பேனாவில் கறுப்புக் குறியின் மேல் மஞ்சள் பூசுவோம். கம்ப்யூட்டரில் குறியே மஞ்சளாகிவிட்டது. இன்னும் சுத்தம் என்று நினைத்தேன். மகள் எட்டிப் பார்த்தாள்.

"கண்ணுக்கே தெரியல நைனா. கொஞ்சம் இருட்டா போடு."

"மஞ்சள்னா மஞ்சளா இருக்கணும்."

"அப்ப கடையில கலர் பிரிண்ட்னு சொல்லி வாங்கு. மறக்காத."

"எனக்கா சொல்ற?"

கம்ப்யூட்டரை வாசிக்கவிட்டுக் கேட்டேன். டீச்சரம்மா எழுதினது எழுதின மாதிரியே வந்தது. சோகமாக, மெதுவாக, ஒரு மனிதர் கேட்டைச் சாத்திவிட்டுப் போகிற மாதிரி. என் மகள் கரண்டியோடு வந்து நின்று முழுசாகக் கேட்டாள். சமையலை விட்டுவிட்டு அவள் வந்து நின்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

சனிக்கிழமை அல்சூரில் ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவைக் கொண்டுபோனேன். கடைக்காரர் பிரிண்ட் போடும்போது, இதெல்லாம் யார் செய்தது என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. நான் ட்ரம் தூக்கினதிலிருந்து ஆரம்பித்தேன். முள்கம்பி வேலி வரைக்கும் வந்தபோது, அவர் எல்லாத் தாளையும் போட்டு, நகல் எடுத்து, கவரில் வைத்து நீட்டிவிட்டார். கலர் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவே இல்லை. மற்ற எல்லா வார்த்தையும் வந்தது. வீட்டுக்கு வந்து தாள்களை எண்ணிப் பார்த்தேன். எட்டுப் பேருக்கு எட்டு. எண்ணினேன், பார்க்கவில்லை.

எங்கள் வழக்கம், வாசிக்கிற நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் கூடி ஒரு தடவை ஊதிப் பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரைக்கு டீச்சரம்மா வீட்டு முற்றத்தில் என்னையும் சேர்த்து எட்டுப் பேர் நின்றோம். நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டம். டீச்சரம்மா வெள்ளைப் புடவையில், நாற்காலியில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கென்று வைத்திருந்த அச்சடித்த தாளை மரியாதையாக அவரிடம் கொடுக்கப் போனேன். "எனக்கு வேணாம், மனப்பாடம்" என்றார். அங்கே ஒரு தடவை நான் தோற்றேன்.

குச்சியைத் தூக்கினேன். ஊதினார்கள்.

ஊதினதை எப்படிச் சொல்வது? கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் எடுத்த எடுப்பிலேயே சிரித்தன. பெரிய பித்தளை வாத்தியமான யூஃபோனியம் தொந்தியை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடியது. சோகம் இருந்த இடத்தில் யாரோ பந்தல் கட்டிவிட்டார்கள். நடுவில் சாக்ஸபோன் மட்டும் தனியாக அழுதுகொண்டிருந்தது. சாக்ஸ்காரர் நீலசந்திராவில் ஆட்டோ ஓட்டுகிறவர். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் நிறுத்தினேன். "என்னப்பா, நீ மட்டும் எங்க போற?"

"பேப்பர்ல இருக்கறதத்தான் மாஸ்டர் ஊதறேன்."

"மத்தவங்க எல்லாம் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். வாயில வெக்கற ரீடு மாத்தினியா?"

யூஃபோனியம் வாசிக்கிற பெரியவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "மாப்ளக்கு ஞாயித்துக்கிழம சவாரி வந்திருக்கும், புத்தி அங்க இருக்கு" என்றார்.

"நீ சும்மா இரு மாமா. உன் வாத்தியம் கல்யாணத்துக்குப் போயிட்டிருக்கு."

டீச்சரம்மா எழுந்தார். மெதுவாக வந்தார். "அவர் ஒருத்தர்தான் நான் எழுதினத வாசிச்சார்" என்றார், சாக்ஸ்காரரைக் காட்டி. பிறகு என்னிடம் திரும்பினார். "பேண்ட்காரரே, இது அவர் செத்த நாளுக்கா, இல்ல எனக்கு மாப்பிள்ளை அழைப்பா?"

ட்ரம்காரர் ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்.

தாளைக் கண்ணருகே கொண்டுபோனேன். சிவப்பு ஷார்ப்புகள் கறுப்பாக விழுந்திருந்தன. மஞ்சள் விழவே இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டு உற்றுப் பார்த்தால் கொசுவின் நிழல் மாதிரி ஏதோ தெரிந்தது. ஒரு ஃப்ளாட்கூடக் குறையாது என்று சொன்னவன் ஒரு ஃப்ளாட்கூட இல்லாமல் கொண்டுவந்திருந்தேன். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சுருதி வேறு என்பதால் ஒவ்வொரு தாளிலும் குறிகளின் எண்ணிக்கையும் வேறு. யூஃபோனியத்துக்குப் பாதிச் சுரம் ஃப்ளாட். சாக்ஸபோனுக்கு மொத்தமே ஒன்று, அதுவும் கடைசி வரியில். இழக்க ஒன்றும் இல்லாததால் அவர் மட்டும் தப்பித்தார்.

"இப்ப சொல்லுங்க மாஸ்டர்" என்றார் சாக்ஸ்காரர்.

"அப்புறம் சொல்றேன்."

டீச்சரம்மா தாளை வாங்கிப் பார்த்தார். "வரித் தொடக்கத்துல இருந்த நாலு ஃப்ளாட் எங்க?"

"நான்தான் எடுத்தேன்."

"எதுக்கு?"

"எங்க ஆளுங்க அங்க பாக்க மாட்டாங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "நான் அன்னிக்கே சொன்னேன், அஞ்சாவது படிச்சிட்டு வாங்கன்னு."

மூன்று மணி. ஞாயிற்றுக்கிழமை மதியம், பக்கத்தில் ஒரு கடை திறந்திருக்காது. பாட்டை விட்டுவிட்டு எங்களுக்குப் பழக்கமான ஒன்றை ஊதலாம் என்று பெரியவர் சொன்னார். டீச்சரம்மா வாசல் கேட்டைப் பார்த்தார். அந்தக் கேட்டைத்தான் நானும் பார்த்தேன். அங்கே நின்றுதான் எனக்குப் பொட்டலம் கொடுத்தார் அவருடைய வீட்டுக்காரர். வருஷா வருஷம் எத்தனையோ மாப்பிள்ளைகளை நான் இறக்கியிருக்கிறேன், இந்த ஒரு மனிதருக்கு ஒரு ஃப்ளாட் இறக்க முடியாமல் நிற்கிறேனே.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்கத்தான் தயக்கம். வீட்டுக்காரர் போன ஒரு வருஷத்தில், அந்த நாளில், ஒரு அம்மாவிடம் போய் அதைக் கேட்பது எங்கள் பக்கம் வழக்கம் இல்லை.

"டீச்சரம்மா, தப்பா எடுத்துக்கக் கூடாது. வீட்டுல மஞ்சள் இருக்கா?"

"மஞ்சளா?"

"தூள்."

"குழம்புக்குப் போடறதுதானே? ஒரு டப்பா இருக்கு. அதுக்கு எதுக்கு இப்படி முழிக்கறீங்க?"

கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து, காது குடைகிற பஞ்சுக் குச்சிகளோடு கொண்டுவந்து வைத்தார். நான் என் முறையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. சாக்ஸ்காரர், "முப்பது வருஷமா இப்படித்தான்மா, மஞ்சள் வெச்சா இறங்கும்" என்றதும், அவரிடம் மட்டும் தலையாட்டினார். பிறகு அவரே குச்சியை எடுத்தார்.

வேகம் என்றால் அந்த அம்மா வேகம். "கிளாரினெட், ட்ரம்பெட் பேப்பர் இங்க குடுங்க. நடுக்கோட்டுல உக்காந்ததெல்லாம் மஞ்சள். மேல் இடைவெளியில இருக்கறதெல்லாம் மஞ்சள். அடிக்கோடும் அப்படியே. அங்க இல்ல, அங்க இல்ல, அதுல நேச்சுரல் போட்டிருக்கு பாருங்க, கண்ணாடி எதுக்கு மாட்டியிருக்கீங்க?" பஞ்சுக் குச்சி தீர்ந்ததும் விரலாலேயே வைத்தார். பியானோவில் ஓடுகிற விரல், சுரத்தின் தலையில் சரியாக விழுந்தது. எட்டுப் பேரும் முற்றத்தில் குந்திக்கொண்டு தாள்களுக்கு மஞ்சள் பூசினோம். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு அம்மா கன்னடத்தில், "ஏனு ஃபங்ஷன்?" என்று கேட்டார். என்ன விசேஷம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? "ஸ்வல்ப லேட் ஆகுது, அப்புறம் சொல்றேன்" என்றேன்.

அந்த நேரத்தில்தான் சாக்ஸ்காரர், "மாஸ்டர், மாமா பேப்பரப் பாருங்க" என்றார்.

பெரியவர் தன் தாளுக்குத் தானே மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தார். வைத்ததெல்லாம் சிவப்பாக இருந்தது. ஒன்றிரண்டு இல்லை, தாள் முழுக்க. மஞ்சளைத் தொட்ட அதே விரலில் வெற்றிலைக்கு எடுத்த சுண்ணாம்பு. ஆரத்திக்குக் கரைக்கிற இரண்டு சாமானும் அவருடைய ஒரே விரலில் சேர்ந்திருந்தன. மஞ்சள் வைக்க வைக்கக் குங்குமமாக மாறிக்கொண்டிருந்தது. எங்கள் சட்டப்படி, இறங்க வேண்டிய அத்தனை சுரமும் இப்போது ஏற வேண்டும்.

"கைய கழுவ மாட்டியா மாமா?"

"எனக்கென்னடா தெரியும், மஞ்சள்னா நீங்க குடுத்த மஞ்சள்."

வேறு தாள் இல்லை. மேலே மறுபடி மஞ்சள் பூசினால் அதுவும் சிவந்தது. மூன்றே முக்கால். டெம்போ வந்து ஹாரன் அடித்தது. நான் பெரியவரின் தோளைப் பிடித்தேன்.

"இன்னிக்கு மட்டும், உனக்கு மட்டும், சிவப்புன்னா இறங்கும். புரியுதா?"

"சிவப்பு இறங்கும்."

"ஏறினா நானே உன்ன அங்கேயே விட்டுட்டு வந்துடுவேன்."

டெம்போவில் போகிற வழியெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு, "சிவப்பு இறங்கும், சிவப்பு இறங்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். முப்பது வருஷப் பழக்கத்தைப் பதினைந்து நிமிஷத்தில் மாற்றுவது சின்ன விஷயம் இல்லை.

கல்லறைத் தோட்டத்தின் கேட்டிலிருந்து நடந்தோம். டீச்சரம்மா முன்னால், உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் பின்னால், நாங்கள் இரண்டு இரண்டாக. குச்சியைத் தூக்கினேன். என் வாழ்க்கையில் ஆயிரம் தடவை தூக்கிய குச்சி, அன்றைக்குக் கொஞ்சம் கனத்தது.

இறங்கியது. மஞ்சள் வைத்த ஒவ்வொரு இடத்திலும் இறங்கியது. கம்ப்யூட்டரில் கேட்டதைவிட நன்றாக இருந்தது, கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்காது என்பதால். பெரியவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நடந்தேன். வியர்த்துக்கொண்டிருந்தார். ஆனால் சிவப்பைப் பார்த்துச் சரியாக இறக்கிக்கொண்டே வந்தார். டீச்சரம்மாவின் முதுகு நேராக இருந்தது. ஒரு தடவையும் திரும்பவில்லை. அவர் திரும்பாத வரைக்கும் ஒரு ஃப்ளாட்டும் குறையவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

கல்லறைக்கு முன்னால் நின்றோம். கடைசிச் சுரம். ஆளுக்கொரு சுரமாக எல்லாரும் சேர்ந்து நீளமாகப் பிடிக்கிறது. அது சோகமா குஷியா என்று சொல்கிற சுரம் அந்தச் சுரக் கூட்டில் யூஃபோனியத்திடம் மட்டும்தான் இருந்தது. அதன் மேல் ஒரு பெரிய சிவப்புப் பொட்டு. பெரியவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பழைய பழக்கம் ஏற்று என்கிறது, நான் சொன்னது இறக்கு என்கிறது. இரண்டுக்கும் பயந்து, ஏற்றாமலும் இறக்காமலும் நேராக ஊதிவிட்டார்.

அவ்வளவு நேரம் அழுத பாட்டு, கடைசியில் தலையைத் தூக்கிப் பளிச்சென்று நின்றது.

டீச்சரம்மா திரும்பினார்.

நான் குச்சியை இறக்கினேன். இறக்கின பிறகும் அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் மரங்களில் இருந்தது.

"கடைசில அது யாரு?" என்று கேட்டார்.

ஏழு கைகள் பெரியவரைக் காட்டின. சாக்ஸ்காரர் இரண்டு கையாலும் காட்டினார்.

"தப்பாயிடுச்சும்மா" என்றார் பெரியவர். "சிவப்பு ஏறுமா இறங்குமான்னு ஒரு குழப்பம். நடுவுல விட்டுட்டேன்."

டீச்சரம்மா கல்லறையைப் பார்த்தார். பிறகு பெரியவரின் தாளைக் கேட்டு வாங்கினார். மஞ்சள் காய்ந்த விரலால் அந்தக் கடைசிச் சுரத்தைத் தொட்டார்.

"முப்பத்தொன்பது வருஷம் மைனர் மைனர்னு கத்தினேன்" என்றார். "கேக்கவே மாட்டார் மனுஷன்."

உறவுக்காரர்கள் என்ன பேசுகிறார் என்று புரியாமல் பூவை வைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்குப் புரிந்தது. அந்தச் சீட்டியைக் கேட்டவன் அங்கே அவருக்கு அடுத்து நான் ஒருவன்தான்.

கிளம்பும்போது என் பக்கத்தில் வந்தார். "கம்ப்யூட்டர்ல அந்தக் கடைசி நோட்ட மாத்திடுங்க. இப்ப வாசிச்ச மாதிரி. ஒரு காப்பி எனக்கு வேணும்."

"நேச்சுரலா?"

"நேச்சுரல். தெளிவா போடுங்க."

அன்றைக்கு மாலையே உட்கார்ந்தேன். கடைசிச் சுரத்தின் ஃப்ளாட்டை எடுத்து நேச்சுரல் ஆக்கினேன். சாஃப்ட்வேர் அந்தக் குறியைக் காட்டவில்லை. வரித் தொடக்கத்தில்தான் ஃப்ளாட்டே இல்லையே, இது எப்படியும் நேரான சுரம்தானே, இதற்கு எதற்குக் குறி என்று அதன் நியாயம். நான் போடுகிறேன், அது எடுக்கிறது. அது இன்னும் ரோட்டில் நடக்கவில்லை, கல்லறைத் தோட்டத்திலும் நடக்கவில்லை. குறிகள் பக்கத்துக்குப் போய் ஒவ்வொன்றாக அமுக்கினேன். தேவை இல்லாவிட்டாலும் இந்த ஒரு இடத்தில் காட்டியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிற இடம் ஒன்று கிடைத்தது. யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன்.

"அதுக்கு என்ன கலர் நைனா?" என்று மகள் கேட்டாள்.

"கறுப்பு."

திங்கட்கிழமை கடைக்காரரிடம், வாயைத் திறக்கும்போதே கலர் பிரிண்ட் என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசினேன். தாளை எடுத்துக்கொண்டு நேராக ரிச்சர்ட்ஸ் டவுன் போனேன். டீச்சரம்மா அதைப் பியானோவின் மேல் சாய்த்து வைத்து, கண்ணாடி போட்டு, முதல் வரியிலிருந்து விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். மஞ்சள் மஞ்சளாக எல்லாம் இருந்தது. கடைசிக்கு வந்தார்.

"ஒரு ஃப்ளாட் குறையுது" என்றார்.

"டீச்சரம்மா, நீங்கதானே..."

"தெரியும். சும்மா சொன்னேன். உக்காருங்க."